சர்வருக்கு வைத்த பொட்டு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தேன், அவ்வளவுதான். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத விவரம் தெரிந்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்கும்போது நான் எழுத உட்கார்ந்தது எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர்கூட, "நீ யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்ட, எழுதி மட்டும் என்னா பண்ணப் போற?" என்று கேட்டார். பேச வராததால்தான் எழுதுகிறேன் என்று நான் பதில் சொல்லவில்லை. மெஷினைப் பற்றி ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவைப் பற்றித் தப்பாக எழுத மாட்டேன்.

அக்கா என்று நான் சொல்வது எங்கள் ஆபீஸில் பில் போடும் வேலை பார்த்தவரை. விருத்தாசலத்தில் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தோம். சரக்கு லாரியில் ஏறுவதற்கான சீட்டு அடிப்பது என் வேலை. அந்தச் சரக்குக்கு பில் போடுவது அக்காவின் வேலை. தலைமை ஆபீஸ் சென்னையில் இருந்தது. இங்கே ஒரு மேனேஜர், ஆபீஸில் நாங்கள் சிலர், உள்ளே சூளையிலும் அச்சிலும் வேலை செய்கிறவர்கள், இவ்வளவுதான் எங்கள் உலகம்.

ஆபீஸுக்கும் சூளைக்கும் நடுவே ஒரு சுவர்தான். களிமண் அரைக்கும் தூசி எந்நேரமும் பறக்கும். காலையில் வந்ததும் நாற்காலியைத் துடைக்காமல் உட்கார்ந்தால் புடவையின் பின்பக்கம் வெள்ளையாகிவிடும். டீ டம்ளரைக் கையால் மூடிக்கொண்டுதான் குடிப்போம். அந்தத் தூசி கம்ப்யூட்டரின் பெட்டிக்குள்ளேயும் போகும். மேசைக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டியை எங்கள் எலக்ட்ரீஷியன் சனிக்கிழமைதோறும் திறந்து புளோயரால் ஊதுவார். ஊதும்போது கோலமாவைக் கொட்டியதுபோல் தரையெல்லாம் வெளுக்கும். "மெஷினு பவுடரு பூசிக்கினு கெளம்பிடுச்சி பாருங்க" என்பார். அவர் ஒவ்வொரு வாரமும் இதையேதான் சொல்வார். அக்கா ஒவ்வொரு வாரமும் சிரிப்பார்.

அக்காவின் கம்ப்யூட்டர் மட்டும் மற்ற கம்ப்யூட்டர்களைப் போல இருக்காது. திரை முழுக்கக் கறுப்பு. அதில் மஞ்சள் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் பஸ் போர்டில் இருப்பதுபோல் பெரிதாக இருக்கும். யாராவது கேட்டால், "எனக்கு மஞ்சள்தான் ராசி" என்று அக்கா சொல்லிவிடுவார். உண்மையான காரணம் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அக்காவுக்குக் கண்ணில் பிரஷர். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, போன பார்வை திரும்பி வராது, இருப்பதை மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். சின்ன எழுத்து அவருக்குப் பூச்சி ஊர்வதுபோல் தெரியும். பெரிய எழுத்தாக இருந்தால் எங்களைவிட வேகமாக வேலை செய்வார். சாம்பிள் வைத்திருக்கும் அறையில் நின்றுகொண்டு அவர் மருந்து விட்டுக்கொள்ளும்போது நான் வாசலில் காவலுக்கு நிற்பேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு அவரோடு போய் போர்டைப் படித்துச் சொல்லி, ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போவேன்.

இதற்குப் பதிலாக அவர் எனக்குச் செய்தது பெரியது. எனக்கு டெலிபோன் மணி அடித்தாலே பயம். எதிர்ப்பக்கம் யார் என்று தெரியாமல் எப்படிப் பேசுவது? என் மேசைக்கு வரும் போனையெல்லாம் அக்காதான் கையை நீட்டி எடுப்பார். லாரி டிரைவர்கள் வந்து சத்தம் போட்டால் அக்காதான் திருப்பிச் சத்தம் போடுவார். எனக்கு லீவு வேண்டுமென்றால்கூட அவர்தான் மேனேஜர் ரூமுக்குப் போவார். "அவளுக்குக் காச்சலு சார், வாயத் தொறந்தா தொண்டை வலிக்குதாம்." உடம்பு நன்றாக இருந்த நாளிலும் தொண்டை வலிதான் காரணம்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி வீட்டில் இருந்தார். தம்பி மனைவிக்கு இரண்டு பிள்ளைகள். அக்காவை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கச் சொல்லி அவர்கள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "கண்ணு விசயம் மட்டும் தெரிஞ்சிது, மறுநாளே வூட்டுல ஒரு மூலையில பாய் போட்டு உக்கார வச்சிடுவாங்கடி. இந்த நாற்காலி இருக்கற வரைக்கும்தான் நான் ஒரு ஆளு" என்று ஒருமுறை சொன்னார். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் அந்த மூலைதான். அதனால்தான் அந்த மஞ்சள் எழுத்தை நாங்கள் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தோம்.

தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் தலைமை ஆபீஸிலிருந்து கம்ப்யூட்டர் விவகாரங்களைப் பார்க்கும் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். மரியாதையாகப் பேசினார், ஆனால் பேசி முடிக்கும்வரை கர்ச்சீப்பை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் எல்லோரையும் சாம்பிள் அறையில் நிற்க வைத்து, இனி வரப்போகிற காலத்தைப் பற்றிச் சொன்னார்.

"மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் வச்சிருக்கற காலம் முடியப்போவுதுங்க. இனிமே ஒரே ஒரு பெரிய மெஷின், சர்வர்னு பேரு, அத ஒரு ரூம்ல வச்சிப் பூட்டிருவோம். உங்க மேசை மேல டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டிதான் இருக்கும். அதுல ஃபேன் இல்ல, தூசி போவாது. உங்க கம்ப்யூட்டர் எல்லாம் அந்தப் பெரிய மெஷினுக்குள்ளதான் ஓடும். ஒரு மெஷினுக்குள்ள பல மெஷின். கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்கும்."

"சாமி மாதிரிங்களா சார்?" என்றார் எலக்ட்ரீஷியன்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்து, "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றார். பிறகு இன்னும் சொன்னார். யார் எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்காரலாம், பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால் அவரவர் திரை அங்கே வந்துவிடும். இன்னும் சில வருஷத்தில் அந்தப் பெரிய மெஷின்கூட இங்கே இருக்காது, எங்கோ ஒரு ஊரில் இருக்கும். அப்போது வீட்டில் உட்கார்ந்துகொண்டே ஆபீஸ் வேலையைப் பார்க்கலாம்.

"வூட்டுல இருந்து தப்பிக்கத்தான சார் இங்க வரோம்" என்றார் அக்கா. மறுபடியும் சிரிப்பு.

கடைசியாக அவர், "எல்லாருக்கும் ஒரே மாதிரி திரைதான் வரும். யாராவது எதையாவது மாத்திக் கெடுத்து வச்சாலும் கவலையில்ல. லாக் அவுட் பண்ணி வெளிய வந்துட்டு மறுபடி பாஸ்வேர்டு போட்டு உள்ள போனா புதுசா, சுத்தமா வந்துடும்" என்று பெருமையாகச் சொன்னார். ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். எதற்கும் முதல் ஆளாகக் கேள்வி கேட்கும் அக்கா அப்போது சும்மா இருந்தார். அவருடைய கை என் முழங்கையைப் பிடித்திருந்தது. எல்லோரும் கலைந்து போன பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

அந்த மாதமே பழைய பெட்டிகளைக் கழற்றிச் சூளைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் அடுக்கினார்கள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் தடித்திருந்தது. அவற்றின் மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள்.

புதிய பெட்டி வந்த முதல் நாள், ஆபீஸ் காலியான நேரம் பார்த்து, நான் அக்காவின் திரையைக் கறுப்பாக்கி எழுத்தை மஞ்சளாக்கிப் பெரிதாக்கினேன். பழைய மெஷினில் ஒரு சர்வீஸ்காரர் செய்து காட்டியதை நான் மறக்காமல் வைத்திருந்தேன். சாயங்காலம் சொன்னபடியே அக்கா வெளியே வந்து எல்லாவற்றையும் அணைத்தார். மறுநாள் காலையில் வெள்ளைத் திரை. எறும்பு எறும்பாக எழுத்து. சென்னைக்காரர் சொன்னது போலவே, புதுசாக, சுத்தமாக.

மறுபடியும் மாற்றி வைத்தேன். அன்று வேலைக்கு நடுவில் கரண்ட் போனது. மேசைப் பெட்டிகள் எல்லாம் செத்தன. கரண்ட் வந்ததும் அக்கா பாஸ்வேர்டை அடித்தார். என்ன ஆச்சரியம், விட்ட இடத்தில் விட்டபடி, பாதி போட்ட பில்லோடு மஞ்சள் எழுத்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முறைப்படி வெளியே வந்தால்தான் அழிகிறது, கரண்ட் போனால் அழியவில்லை என்று எங்களுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அக்கா வெளியே வருவதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் திரையின் பட்டனை மட்டும் அணைப்பார். காலையில் வந்து அமுக்கினால் மஞ்சள் எழுத்து.

"பழசவிட இது தேவலடி. கரண்டுக்கே அசராது" என்று அக்கா சொல்லத் தொடங்கினார். மேனேஜர் ஒருமுறை அவரை ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்தார். எழுத்தும் கூடவே போனது. நான்கு நாள் கழித்து அவரே அக்காவைப் பழையபடி என் பக்கத்துக்கு அனுப்பினார், எழுத்தும் திரும்பி வந்தது. அக்கா அந்த மெஷினைக் கிட்டத்தட்ட நேசித்தார் என்றே சொல்ல வேண்டும். பட்டனை அமுக்குவதற்கு முன் பெட்டியைப் புடவைத் தலைப்பால் ஒருதரம் துடைப்பார்.

ஆனால் ஒரு பயம் இருந்தது. பூஜை முடிந்ததும் சென்னைக்காரர் மறுபடி வருவார், ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்பார், எந்த வேலையைச் சென்னைக்கு எடுத்துக்கொள்ளலாம், யாரை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்வார்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு வந்து, "வரட்டும். மஞ்ச எழுத்து இருக்கற வரைக்கும் எமனே பக்கத்துல உக்காந்தாலும் பில்லு போட்டுடுவேன்" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அன்று எல்லா மெஷினையும் நிறுத்தி, கழுவித் துடைத்து, பொட்டு வைத்து ஓய்வு கொடுப்போம். மறுநாள் காலை தேங்காய் உடைத்த பிறகுதான் மறுபடி தொடுவோம். எரிந்துகொண்டிருக்கும் சூளை மட்டும் விதிவிலக்கு. நடுவில் அணைத்தால் உள்ளே இருக்கும் சரக்கு முழுக்க வெடித்துவிடும். அதனால் கதவுக்கு மட்டும் பொட்டு. ஆபீஸ் பக்கத்துப் பூஜை எப்போதும் அக்காவின் பொறுப்பு. பொரி, கடலை, வாழைப்பழம், பூ எல்லாம் அவர்தான் பார்த்துப் பார்த்து வாங்குவார்.

அந்த வருஷம் ஒரு சிக்கல் வந்தது. நான் சந்தனக் கிண்ணத்தோடு மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தேன். எலக்ட்ரீஷியன் வழியை மறித்தார்.

"ஏம்மா, எதுக்கு வெக்கற பொட்டு? இது வெறும் டப்பாம்மா. உள்ள ஒண்ணும் கெடையாது. மெஷினு அங்க பூட்டிக் கெடக்குது, நீ இங்க டப்பாவுக்குப் பொட்டு வெச்சிக்கினு இருக்கற."

நான் வழக்கம்போல் அக்காவைப் பார்த்தேன். அக்கா யோசித்தார்.

"அவன் சொல்றது நெசந்தான். வேல செய்யறதுக்குத்தான பொட்டு? சாவிய வாங்கிட்டு வரேன் இரு."

மேனேஜரிடம் சாவி வாங்கிக்கொண்டு வந்து அந்த அறையைத் திறந்தார். நாங்கள் யாரும் அதற்கு முன் உள்ளே போனதில்லை. ஏசி போட்டுச் சில்லென்று இருந்தது. இரும்பு அலமாரியில் கறுப்பாக ஒரு மெஷின், பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அலமாரியைத் துடைத்தார். மெஷினின் நெற்றி எது என்று தடவிப் பார்த்து, சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். பூவைச் சாத்தினார்.

"எல்லாரோட மெஷினும் இவருக்குள்ளதான் இருக்குது. ஒரே பொட்டு, எல்லாருக்கும் சேந்துடுச்சி" என்று சொல்லிவிட்டு, "அமத்துப்பா" என்றார்.

எலக்ட்ரீஷியன் தயங்கினார். "அக்கா, இத அமத்தலாமா? எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும்னு அந்த சார் சொன்னாரே."

"சூளையத் தவிர எல்லாத்தையும் அமத்தறதுதான் வழக்கம். இது என்ன சூளையா, உள்ள சரக்கு வெடிக்கறதுக்கு?"

"ஏதாச்சும் போயிடப் போவுதுக்கா."

"தெனம் கரண்டு போவுது, வருது. நம்மளது என்னா போச்சு? வுட்ட எடத்துல அப்புடியே நிக்கல? பூச நாள்ல ஓட வுட்டா அதுதான் பாவம். அமத்து."

எனக்கும் அது சரியென்றே பட்டது. கரண்ட் போனபோதெல்லாம் எங்கள் மேசைப் பெட்டிகள்தான் செத்தன, இந்தப் பெரிய மெஷின் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் ஓடியது, அதனால்தான் எங்கள் திரைகள் அதற்குள் உயிரோடு இருந்தன என்பது அந்த அறையில் நின்ற எங்கள் யாருக்கும் தெரியாது. எலக்ட்ரீஷியன் பட்டனை அழுத்திப் பிடித்தார். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. உறுமல் நின்றதும் அந்த அறை வேறு அறைபோல் ஆனது. அக்கா கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

விஜயதசமி அன்று காலை தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சென்னைக்காரர் இறங்கினார். பண்டிகை நாளிலேயே வந்துவிடுவார் என்று மேனேஜர்கூட எதிர்பார்க்கவில்லை. ஜங்ஷனில் இறங்கி நேராக வந்திருந்தார். முந்தின நாளிலிருந்து சென்னையில் இந்த மெஷின் தெரியவில்லையாம், என்னவோ ஆகிவிட்டது என்று பதறி ராத்திரி வண்டி பிடித்திருக்கிறார். அறைக்குள் போனவர் பூவோடும் பொட்டோடும் அணைந்து கிடந்த மெஷினைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாருங்க இத ஆஃப் பண்ணது?"

எலக்ட்ரீஷியன் தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்து, "நான்தான் சார் அமத்தச் சொன்னேன். பூசைக்கு" என்றார்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலாம் என்று பிறகு எனக்குத் தோன்றியது. பெருமூச்சு விட்டு, மெஷினை ஓட்டி, வெகுநேரம் அதன் முன்னால் நின்று ஏதேதோ பார்த்தார். பிறகு கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஏதாவது போயிருக்கான்னு பாக்கணும். வாங்கம்மா, உங்களோடதுலயே ஆரம்பிக்கலாம்" என்று அக்காவின் மேசைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அக்கா உட்கார்ந்தார். பெட்டியைத் துடைத்தார். பட்டனை அமுக்கிப் பாஸ்வேர்டை அடித்தார்.

வெள்ளைத் திரை வந்தது.

நான் என் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். "நீங்க உங்க எடத்துலயே இருங்க மேடம், அடுத்து வரேன்" என்றார் அவர். உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கண்ணைச் சுருக்கவும் இல்லை. சுருக்கினால் தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"போன வாரம் கடைசியா போட்ட பில்ல எடுங்க."

அக்கா மவுஸை நகர்த்தினார். பெரிய எழுத்தில் எது எங்கே இருக்கும் என்று அவர் கைக்குப் பழக்கம். இந்தச் சின்ன எழுத்துத் திரையில் எல்லாம் வேறு இடத்தில் இருந்தன. எதையோ அமுக்கினார். வேறெதுவோ திறந்தது.

"பதட்டப்படாதீங்கம்மா. ஒண்ணும் கெட்டுப்போகல. மெதுவா எடுங்க."

மூன்றாவது முயற்சியில் ஒரு பில் திறந்தது. அவர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டே, "பார்ட்டி பேரு படிங்க" என்றார்.

அக்கா ஒரு பெயரைச் சொன்னார். வாரக் கடைசியில் எப்போதும் சரக்கு எடுக்கும் நெய்வேலிக் கடைக்காரரின் பெயர். திரையில் இருந்தது திட்டக்குடிக்காரரின் பெயர். எனக்கு என் இடத்திலிருந்தே தெரிந்தது.

சென்னைக்காரர் நிமிர்ந்து திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். மேனேஜரும் ரூமிலிருந்து வெளியே வந்து நின்றார். எலக்ட்ரீஷியன் வாசலிலிருந்து, "நேத்து பொரிய நெறைய துன்னுட்டாங்க சார், அக்காவுக்கு மயக்கம் தெளியல" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். லாரி டிரைவர்களிடம் பேசும் அதே முழுக் குரலில் சொன்னார்.

"எனக்குத் தெரியல சார். எழுத்து தெரியல. எனக்குக் கண்ணு சரியில்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் சூளை மட்டும் இரைந்துகொண்டிருந்தது. நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கு நினைவில்லை. அக்காவின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திரையைக் கறுப்பாக்கினேன். எழுத்தை மஞ்சளாக்கினேன். பெரிதாக்கினேன். ஒருமுறை தப்பாகப் போய்த் திரும்ப வந்தேன்.

அக்கா திரையைப் பார்த்தார். பார்ட்டி பெயர், சரக்கு, லாரி நம்பர், எல்லாவற்றையும் மேலிருந்து கீழே கடகடவென்று படித்தார். அந்த பில்லை மூடி அடுத்த பில்லைத் தானே எடுத்து அதையும் படித்தார். நிறுத்தச் சொல்லும்வரை படித்துக்கொண்டிருந்தார்.

"போதும்மா, போதும்" என்றார் அவர். திரையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான இருக்கு. முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்லியிருந்தா வச்சிருப்பீங்களா சார்?"

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் அலமாரியைப் பார்த்தார். சென்னைக்காரர் தன் லேப்டாப்பைத் திறந்து ரொம்ப நேரம் தட்டினார். அக்காவுக்கு மட்டும் இப்படி நிலையாக வைக்க வழி இருக்கிறதா என்று உண்மையாகவே தேடினார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு தலையை ஆட்டினார்.

"எல்லாருக்கும் ஒரே திரைதான்மா போவுது. ஒருத்தருக்குன்னு தனியா வைக்கணும்னா தலைமை ஆபீஸ்ல சம்மதிக்கணும். எழுதிப் பாக்கறேன். அதுவரைக்கும் தெனமும் யாராவது மாத்தித் தரணும். யாரு மாத்துவா?"

"நான்" என்றேன்.

என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. "என்னங்க?" என்றார்.

"அவ மாத்தித் தரேன்னு சொல்றா சார்" என்றார் அக்கா.

அந்தச் சென்னைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்ன காலம் வரத்தான் போகிறது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். தூசி போகாத பெட்டி நல்லதுதான். எங்கே உட்கார்ந்தாலும் நம் திரை வருவது நல்லதுதான். ஆனால் யார் எதை மாற்றி வைத்தாலும் மறுபடி சுத்தமாக வந்துவிடும் என்று அவர் பெருமையாகச் சொன்னது அடிக்கடி என் நினைவுக்கு வந்து என்னைத் தொந்தரவு செய்கிறது. மாற்றி வைத்ததெல்லாம் கெடுத்து வைத்தது என்று யார் முடிவு செய்தார்கள்? பழைய பெட்டியில் தூசி சேரும், பொட்டு சேரும். அக்காவின் எழுத்தும் அதற்குள் சேர்ந்து கிடந்தது. அதை ஊதித் தள்ள யாருக்கும் தோன்றியதில்லை.

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் மேனேஜர் அக்காவைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். கதவு மூடியிருந்தது. அக்கா வெளியே வந்து டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். திரையின் பட்டனை அணைத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். வழியெல்லாம் திருஷ்டிப் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. அக்காவுக்குத் தெரியாதே என்று நான் அவர் கையைப் பிடித்துச் சுற்றிக் கூட்டிப்போனேன்.

"கண்ணு சரியானதும் வரச் சொன்னாரு" என்றார் பஸ் ஸ்டாண்டில்.

நான் அவர் பையை வாங்கிக்கொண்டேன்.

"சரியாவாதுன்னு நான் சொல்லல. அவரு மொகத்தப் பாத்தா பாவமா இருந்துச்சி."

"வூட்டுல என்னக்கா சொல்லுவீங்க?"

"கம்பெனிக்கு லீவுன்னு சொல்லுவேன். ரெண்டு நாளைக்குத் தாங்கும்." கொஞ்சம் சிரித்தார். "ஏண்டி, அந்த மெஷினுக்கு அவ்வளோ பூவு வச்சேனே."

பஸ் வந்தது. போர்டைப் படித்துச் சொன்னேன். கூட்டம் ஏறி முடியும்வரை காத்திருந்து அக்காவை ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் நிற்கும் பக்கத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் நின்றது அந்தப் பக்கம் அல்ல, கொஞ்சம் தள்ளி. நான் நகர்ந்துபோய் அங்கே நின்றேன்.

மறுநாள் நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஆபீஸுக்குப் போய் அக்காவின் மேசையைத் துடைத்தேன். அக்கா வரவில்லை. பத்து மணிக்கு மேல் என் மேசை டெலிபோன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன். நெய்வேலிக் கடைக்காரர் பேசினார், சரக்கு எப்போது வரும் என்று கேட்டார். நாளைக்கு என்று சொன்னேன்.